அந்தமானில் முதல் முக்குளிப்பு: கடைசி நாளிலிருந்து கணக்குப் போடுங்கள்

அந்தமானுக்கு டைவிங் போகிறேன் என்று யாராவது சொன்னால், எந்த டைவிங் கடையில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. திரும்பி வரும் விமானம் எந்த நாள், எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பேன். பாதிப் பேர் அங்கேயே விழிப்பார்கள். போகும் டிக்கெட்டை வைத்துத் திட்டம் போட்டிருப்பார்கள். வரும் டிக்கெட் மலிவாகக் கிடைத்த நாளுக்கு எடுத்ததாக இருக்கும்.

ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியே பல மணி நேரத்தில் தானாக வெளியேறிவிடும். அழுத்தம் சட்டென்று குறைந்தாலோ, கோலி சோடாவில் குண்டை அமுக்கியதும் பொங்குமே, அந்தக் கதைதான். குமிழி மூட்டிலோ நரம்பிலோ போய் உட்காரும். விமானம் உயரே போனதும் அதற்குள் இருப்பது ஏறக்குறைய ஊட்டியின் காற்றழுத்தம். காலையில் கடலடி, மாலையில் ஊட்டி என்றால் உடம்பு தாங்காது. முக்குளிப்பவர்களின் பாதுகாப்புக்காக இயங்கும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க், ஒரே ஒரு முறை இறங்கியவர் 12 மணி நேரமாவது, பல முறை இறங்கியவர் 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது என்கிறது. தீவில் பொதுவாகச் சொல்லும் கணக்கு 24 மணி நேரம். அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே விரலைப் பின்னாலிருந்து மடக்குங்கள். ஞாயிறு மதியம் போர்ட் பிளேரிலிருந்து விமானம் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலையே டைவிங் நடக்கும் ஹேவ்லாக் தீவிலிருந்து படகேறிப் போர்ட் பிளேர் வந்துவிட வேண்டும். அந்த நாள் செல்லுலார் சிறைக்கு. வெள்ளிக்கிழமை கடைசி முக்குளிப்பு. ஓப்பன் வாட்டர் எனப்படும் அடிப்படைப் படிப்புக்கு மூன்று, நான்கு நாள் பிடிக்கும் என்பதால் திங்கள் முதல் வெள்ளி வரை அதற்கு. ஞாயிறு பயணம். படிப்புக்கான அந்த ஐந்து நாளில் ஒரு நாளைச் சும்மா விட்டு வையுங்கள். மூக்கடைத்தால், கடல் கொந்தளித்தால், படகு நின்றால் ஈடுகட்ட அது. மொத்தம் எட்டு நாள். ஒரே ஒரு முறை இறங்கிப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ஐந்து நாளில் முடிந்துவிடும்.

"திரும்பும் நாள் காலையில்தான் படகு, மதியம் விமானம், எல்லாம் சரியாக இருக்கும்" என்று என் முதல் பயணத்தில் நானும் நினைத்தேன். டிசம்பர் மாதம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். வீட்டில் இருக்கும்போது டிவியில் சொல்வார்களே, மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம் என்று, அது நம்மையும் சேர்த்துத்தான் என்பது ஹேவ்லாக் படகுத்துறையில் பெட்டியோடு நின்றபோது உறைத்தது. அன்று ஒரு படகும் கிளம்பவில்லை. விமானம் நான் இல்லாமல் சென்னை போய்ச் சேர்ந்தது.

எந்த மாதம், எந்தத் திதி

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அநேகமாக அமைதி. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, மே மாதத்தின் பின்பாதியில் அந்தமானைத் தொட்டுவிடும். அதிலிருந்து செப்டம்பர் வரை மழையும் அலையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தாழ்வு மண்டலங்களின் தொல்லை உண்டு. நல்ல பருவத்தில் தண்ணீரின் வெப்பம் 27 முதல் 30 டிகிரி. கிணற்றுத் தண்ணீரில் குளித்துப் பழகியவருக்கு வெதுவெதுப்பாகவே இருக்கும். ஏப்ரல் கடைசியில் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடேறும் ஆண்டுகளில் பவளம் வெளுத்துப்போகும். 2010-இல் அப்படி நடந்தது.

பயணத் தளங்களில் அதிகம் காணாத ஒன்றைச் சொல்கிறேன். வீட்டு நாள்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும். நீரோட்டம் இழுக்கும், மண் கிளம்பித் தண்ணீர் கலங்கும். நம் கரையோர மீனவர்கள் நீவாடு என்று சொல்வது இதைத்தான். அரைநிலா நாட்களில் ஓட்டம் அடங்கியிருக்கும். அஷ்டமி நவமியில் எந்த நல்ல காரியமும் தொடங்காதே என்று பாட்டி சொல்லியிருப்பார். முதன்முதலாகக் கடலுக்குள் இறங்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கப்பலும் உண்டு, ஏறக்குறைய மூன்று நாள்; அது எப்போதாவதுதான் கிளம்பும், நாள் கணக்குப் பார்ப்பவருக்கு ஒத்துவராது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். 2018 கடைசியிலேயே ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும், நீல் தீவு ஷகீத் தீவாகவும் ஆகிவிட்டன. டிக்கெட் தளங்களில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் கலந்து கிடக்கும், குழம்ப வேண்டாம். வாய்ப்பேச்சில் இன்னும் ஹேவ்லாக்தான்.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுப் படகு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். அரசுப் படகு மலிவு, நேரம் கூடுதலாகும். இரண்டும் வேறு வேறு துறையிலிருந்து கிளம்புகின்றன. அரசுப் படகு ஃபீனிக்ஸ் பே, தனியார் படகு பெரும்பாலும் ஹேடோ. ஆட்டோக்காரரிடம் "ஜெட்டி" என்று மட்டும் சொன்னால் தவறான இடத்தில் இறங்கிவிட வாய்ப்புண்டு. விமானம் காலையில் இறங்குமாறு எடுங்கள். அங்கே சூரியன் சீக்கிரம் மறையும், குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே; மாலைக்குப் பிறகு படகு கிடையாது. அடையாள அட்டை அசலைக் கையில் வையுங்கள். குமட்டல் வருபவர்கள் மாத்திரை விஷயத்தை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சில மாத்திரைகள் தூக்கம் தரும், அதைப் போட்டுக்கொண்டு கடலுக்குள் இறங்கக் கூடாது.

இந்தியர்களுக்குப் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குத் தனி அனுமதி தேவையில்லை. 2020-இல் சென்னையிலிருந்து கடலடி இணைய வடம் போட்ட பிறகு போனும் யுபிஐயும் பழைய அளவுக்குச் சோதிப்பதில்லை. இருந்தாலும் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். மொழிக்குக் கவலையே வேண்டாம். போர்ட் பிளேரில் தமிழர்கள் ஏராளம், வெற்றிமலை முருகன் கோயிலே இருக்கிறது. ஹேவ்லாக்கில் பெரும்பாலும் வங்காளிக் குடும்பங்கள். அங்கே இந்தி ஓடும்.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

நீச்சல் தெரியாதவரும் அந்தமானில் கடலுக்குள் இறங்கலாம். டிஸ்கவர் ஸ்கூபா அல்லது ட்ரை டைவ் என்பார்கள். பயிற்றுநர் கூடவே இருந்து உங்கள் முதுகிலுள்ள காற்று டேங்கைப் பிடித்துக்கொண்டு கூட்டிப் போவார், அதிகபட்சம் 12 மீட்டர். ஓப்பன் வாட்டர் படிப்புக்கு நீச்சல் அவசியம்: 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். வேகம் பார்க்க மாட்டார்கள். வயது பத்து நிரம்பியிருந்தால் போதும். அந்தச் சான்றிதழோடு பெரியவர்கள் உலகில் எங்கும் துணை ஒருவருடன் 18 மீட்டர் வரை போகலாம். படிப்பின் பாடப் பகுதியை வீட்டிலேயே இணையம் வழி முடித்துவிடுங்கள். இவ்வளவு செலவு செய்து தீவுக்குப் போய், மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பானேன்?

மருத்துவப் படிவம் ஒன்று தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காதில் அறுவைச் சிகிச்சை, அண்மையில் நுரையீரல் தொல்லை, கர்ப்பம் என்று வரிசையாகக் கேள்விகள். அங்கே போய் அதில் ஒன்றுக்கு "ஆம்" என்று எழுதினால் மருத்துவர் கையெழுத்தில்லாமல் இறக்க மாட்டார்கள். "இல்லை" என்று பொய் எழுதினால் உங்கள் உயிர்தான் பணயம். படிவத்தை முன்கூட்டியே மின்னஞ்சலில் வாங்கி, குடும்ப மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா சேருமா என்பதையும் அப்போதே படித்துப் பாருங்கள், பலவற்றில் சேராது.

மூட்டையில் அதிகம் வேண்டாம். கருவிகள் எல்லாம் வாடகைக்கு உண்டு. ஒரே ஒரு பொருள் வாங்குவதென்றால் மாஸ்க் வாங்குங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை விட்டாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் மாஸ்க். கண்ணாடி போடுபவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது, கடையில் முன்னாலேயே கேட்டு வையுங்கள். மீசை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரப்பர் விளிம்புக்கடியில் மீசை முடி கிடந்தால் அந்த வழியே தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே வரும். மேலுதட்டின் மேல், மூக்குக்குக் கீழே ஒரு கீற்று அளவுக்கு மழித்துவிட்டால் போதும். மனம் வராதவர்கள் வாசலின் தடவிச் சமாளிக்கிறார்கள். பெண்கள் முடியை இறுக்கிப் பின்னிக்கொள்ளுங்கள். தாலிச் சங்கிலியை வெட்சூட் எனப்படும் இறுக்கமான ரப்பர் உடைக்குள் விட்டுவிடலாம், மோதிரத்தை அறையிலேயே கழற்றி வையுங்கள்; தண்ணீரில் ஊறிய விரல் சுருங்கும், மோதிரம் நழுவும். சன்ஸ்கிரீனுக்குப் பதில் முழுக்கைச் சட்டை மேல், பவளத்துக்கும் நல்லது.

கடையில் என்ன கேட்பது

விலையை நான் சொல்லப் போவதில்லை, கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். விலைக்குள் என்னென்ன அடக்கம் என்று கேளுங்கள்: படகா, கரையிலிருந்தா, புகைப்படம் சேர்த்தா, எத்தனை நிமிடம் தண்ணீருக்குள். பிறகு ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். முதல்முறை இறங்குபவருக்கு ஒருவருக்கு ஒருவர்தான் நான் ஒத்துக்கொள்வது. படகில் அவசரத்துக்கு ஆக்சிஜன் உண்டா? காது வலித்து நான் இறங்க மறுத்தால் வேறு நாள் தருவீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கும் கடை வேண்டாம். பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) போன்ற டைவிங் பயிற்சி அமைப்புகளின் பயிற்றுநர் என்று சொல்பவருக்கு எண் ஒன்று இருக்கும். கேட்பதில் தவறில்லை. நல்ல பயிற்றுநர் சிரித்துக்கொண்டே காட்டுவார்.

படகுத்துறையில் இறங்கியதுமே கையைப் பிடித்து இழுக்கும் தரகர்களிடம் எதுவும் முடிக்காதீர்கள். கடைக்கு நேரில் போய், கருவிகளை எப்படிக் கழுவித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எனக்கு அது ஓட்டல் சமையலறையை எட்டிப் பார்ப்பது மாதிரி.

முதல் காலை

முந்தின இரவு மது வேண்டாம். காலையில் இரண்டு இட்லியோ வாழைப்பழமோ போதும். பூரி மசாலாவைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

ஹேவ்லாக்கின் 2-ஆம் எண் கடற்கரையை ஒட்டிய நீமோ ரீஃபில்தான் பெரும்பாலோருக்கு முதல் இறக்கம். கரையிலிருந்தே நடந்து போகலாம். இடுப்பளவுத் தண்ணீரில் முட்டி போட வைத்து, டேங்கிலிருந்து மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டரை வாயில் கவ்வி, முகத்தை அமிழ்த்தச் சொல்வார்கள். அந்த நொடியில் உடம்பு முரண்டு பிடிக்கும். முகத்தில் தண்ணீர் பட்டதும் மூச்சை நிறுத்து என்று பிறந்ததிலிருந்து பழகிய உடம்பு அது. நமக்கோ முத்துக்குளிப்பு என்றாலே மூச்சடக்குவதுதான்; தூத்துக்குடியில் கல்லின் பாரத்தில் இறங்கியவர்கள் அப்படித்தான் இறங்கினார்கள். ஸ்கூபாவில் அது தலைகீழ். டேங்க் மாட்டியவர் மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டரில் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் இரு மடங்கு. அங்கே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலுக்குள் காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும். மற்ற எதை மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள்: இழு, விடு, இழு, விடு. நிறுத்தாதே.

முதல் மூச்சு கரகரவென்று உள்ளே போகும், விடும்போது குமிழிகள் காதோரம் கொப்பளித்து ஏறும். நான்காவது ஐந்தாவது மூச்சில் தோள் தளரும். அதுவரை பயிற்றுநரை அவசரப்படுத்த விடாதீர்கள்.

சைகைகளைக் கரையிலேயே பழகுங்கள். நம் ஊரில் கட்டைவிரலைத் தூக்கினால் சூப்பர். தண்ணீருக்குள் அதற்கு "மேலே போகலாம்" என்று பொருள். என்னோடு வந்த ஒரு மாமா, மீனைப் பார்த்த சந்தோஷத்தில் மூன்று முறை கட்டைவிரலைத் தூக்கினார், மூன்று முறையும் அவரை மேலே கொண்டுபோய்விட்டார்கள். எல்லாம் நலம் என்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம். ஏதோ சரியில்லை என்றால் விரித்த உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, சரியில்லாத இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

அதிகம் காட்டப்படும் இடம் காது. காதுக்குள் இருக்கும் காற்று அதிகமாகச் சுருங்குவது முதல் சில மீட்டரில்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்மையாக ஊதினால் காதுக்குள் டப் என்று திறக்கும். வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே, ஒவ்வொரு கை நீளம் இறங்கும்போதும் செய்ய வேண்டும். திறக்கவில்லையா, ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். வலிந்து ஊதாதீர்கள். இரண்டாவது பயணத்தில் லேசான சளியை "சரியாகிவிடும்" என்று மறைத்துக்கொண்டு நான் இறங்கினேன். மூன்று மீட்டரில் காதுக்குள் ஊசி. பயிற்றுநர் என் கண்ணைப் பார்த்தே புரிந்துகொண்டு கரைக்குத் திருப்பிவிட்டார். அடுத்த இரண்டு நாள் மணலில் உட்கார்ந்து மற்றவர்கள் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா விட்டு வைக்கச் சொன்ன அந்த ஒரு நாளின் அருமை அப்போது தெரிந்தது.

மாஸ்க் ஆவியடித்தால் பார்வை போய்விடும். உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்து ஒரு முறை அலசுங்கள். கூச்சமே வேண்டாம், இருபது வருஷம் டைவ் செய்பவரும் அதைத்தான் செய்கிறார்.

கையைத் துழாவாதீர்கள். மார்பில் கட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து காலை மெல்ல அசையுங்கள். கை துழாவுபவருக்கு டேங்க் பாதி நேரத்தில் காலி. சும்மா மிதந்தால் மீன்களே பக்கத்தில் வரும். கடற்சாமந்திக்குள் ஒளிந்து எட்டிப் பார்க்கும் கோமாளி மீன், பவளத்தைக் கறுக்கென்று கடிக்கும் கிளி மீன். அந்தச் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகவே கேட்கும். குழம்பில் மட்டுமே பார்த்திருந்த சங்கரா மீன் கூட்டமாகத் திரும்பும்போது வெயிலில் செப்புத் தகடு மாதிரி மின்னியதை நான் வாய் பிளந்து பார்த்தேன். பிளந்ததில் கொஞ்சம் உப்புத்தண்ணீரும் உள்ளே போயிற்று.

படிப்பு முடித்தவர்கள் அடுத்து லைட்ஹவுஸ், அக்வேரியம் போன்ற இடங்களுக்குப் படகில் போகலாம். ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினாக்கிள் எல்லாம் ஆழமானவை, 30 மீட்டர் வரை போகும் அடுத்த நிலைப் படிப்பும் அனுபவமும் வேண்டும். போட்டோவைப் பார்த்துவிட்டு முதல் பயணத்திலேயே அங்கே போக அடம்பிடிக்காதீர்கள். எங்கே இறங்கினாலும் மேலே வரும்போது நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம், ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வாருங்கள். 200 பார் (காற்றழுத்த அளவு) என்று தொடங்கும் டேங்க் 50 பாருக்கு வருமுன் மேலே இருக்க வேண்டும்.

கை வைக்காதீர்கள்

கல் மாதிரி கிடப்பது கல்மீனாக இருக்கலாம், அதன் முள்ளில் கடும் விஷம். பவளமும் அப்படித் தொடக்கூடிய பொருள் அல்ல. பருத்த பவளம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் வளர்வதே அதிகம். உங்கள் காலில் மாட்டிய ஃபின் என்ற துடுப்பு பட்டு உடைவது உங்கள் வயதுக்கு மூத்ததாக இருக்கக்கூடும். பெரிய கிளாத்தி மீன் ஒன்று விறைப்பாக உங்களை நோக்கி வந்தால் அதன் கூடு கீழே இருக்கிறது. மேலே போகாமல் பக்கவாட்டில் விலகுங்கள், அது காவல் காக்கும் இடம் மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவம்.

கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை கண்டால் அங்கே கால் நனைக்கவே வேண்டாம். அலங்காரத்துக்கு வைத்ததல்ல. ராதாநகர் கடற்கரைக்கு அருகே 2010-இல் ஸ்நார்கெல் (குழாய் வழி மூச்சுவிட்டு நீர்மட்டத்தில் மிதப்பது) செய்துகொண்டிருந்த பயணி ஒருவர் முதலைக்குப் பலியானார்.

மூட்டை கட்டும்போது

இறங்கி வந்த பிறகு மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், அளவுக்கு மீறிய களைப்பு வந்தால் "அலைச்சல்" என்று படுத்துவிடாதீர்கள். உடனே கடையில் சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள். அறிகுறி அன்று இரவுகூட வரலாம்.

ஒவ்வொரு இறக்கத்தையும் அன்று மாலையே லாக் புத்தகத்தில் எழுதுங்கள்: ஆழம், நேரம், நீரில் அமிழ எத்தனை கிலோ ஈயம் கட்டினீர்கள் என்பது. அடுத்த முறை வேறு ஊரில் இறங்கும்போது அந்த ஈயக் கணக்கு ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும்.

கடற்கரையில் பொறுக்கிய பவளத் துண்டு, சங்கு, மணல் எதுவும் பெட்டிக்குள் போக வேண்டாம். பவளம் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, விமான நிலையத்தில் பெட்டியை ஊடுகதிரில் பார்ப்பார்கள். கடையில் சங்குப் பொருள் வாங்கினால் ரசீதைக் கையோடு வைத்திருங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் கிளம்பும் முன் அவர்கள் பையையும் ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள். என் மகளின் பென்சில் பெட்டிக்குள் மூன்று இருந்தன.